ரேஸ் டிராக் ஓரம் கேமராவோடு: சென்னையிலிருந்து தொடங்குகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ரேஸ் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் வழக்கமாக முதலில் கேட்பது இரண்டு கேள்விகள். "என்ன லென்ஸ் வாங்கணும்?" "மீடியா பாஸ் எப்படிக் கிடைக்கும்?" இரண்டுமே நியாயமான கேள்விகள்தான், ஆனால் கடைசியில் கேட்க வேண்டியவை. கழுத்தில் பாஸ் தொங்கினாலும் பேனிங் (ஓடும் வண்டியோடு சேர்த்துக் கேமராவையும் திருப்பி எடுப்பது) வராதவருக்குப் படம் வராது. பேனிங் கைவந்தவர் பார்வையாளர் கேலரியிலிருந்தே நல்ல படத்தோடு வீடு திரும்புவார். அதனால் முதல் சீசன் முழுவதையும் டிக்கெட் வாங்கிக்கொண்டு கேலரியிலேயே கழிக்கச் சொல்லித்தான் இந்த வழிகாட்டி தொடங்குகிறது. பாஸ் பேச்சு கடைசியில் வரும்.

முதல் படி: களம் எது, எப்போது போவது

சென்னையில் இருப்பவருக்கு இந்த விஷயத்தில் அதிர்ஷ்டம் அதிகம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கியது. பல வருடம் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்தது. 1990-இல் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில், இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பின் சொந்த டிராக் வந்துவிட்டது. சுமார் 3.7 கிலோமீட்டர் நீளம், 12 வளைவுகள். இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர். பழைய ஆட்கள் இன்னும் எம்.எம்.ஆர்.டி. (மெட்ராஸ் மோட்டார் ரேஸ் டிராக்) என்றுதான் சொல்வார்கள். நகரத்திலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். வண்டி இல்லையென்றால் பூந்தமல்லியில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகும் பஸ் பிடிக்கலாம்.

தேசிய கார் சாம்பியன்ஷிப், தேசிய பைக் சாம்பியன்ஷிப் இரண்டின் சுற்றுகளும் இங்கே நடக்கின்றன. ஒரே வார இறுதியில் பல பிரிவுகள் ஓடும். கூரையில்லாத ஒற்றை இருக்கை ஃபார்முலா வண்டிகள், டூரிங் கார்கள், 165 சிசி பைக்குகள் என்று கலந்து வரும். புதியவருக்கு இது பெரிய வசதி. காலையில் மெதுவான பிரிவில் கையைப் பழக்கிவிட்டு, பிற்பகலில் வேகமான பிரிவுக்குப் போகலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஃபைனலுக்கு மட்டும் போவது வீண். பிராக்டிஸ், குவாலிஃபையிங் (ரேஸின் தொடக்க வரிசையைத் தீர்மானிக்கும் ஓட்டம்) நடக்கும் முந்தைய நாட்களில் கூட்டம் குறைவு, நிற்க இடம் தாராளம். ஒரே வண்டி ஒரே வளைவைச் சுற்றிச் சுற்றி வரும். பத்து லேப்பில் சரிப்படாதது பதினொன்றாவது லேப்பில் சரிப்படும். ரேஸில் அந்தச் சலுகை கிடையாது. அங்கே முதல் லேப் கூட்டம் ஒரே ஒரு முறைதான் உங்களைக் கடக்கும்.

இரண்டாம் படி: இருக்கிற கேமராவோடு தொடங்குவது

லென்ஸ் மாற்றக்கூடிய எந்த கேமராவும் போதும், பத்து வருடப் பழையதானாலும் சரி. லென்ஸ் 70-300 மி.மீ. ஜூம் இருந்தால் நல்லது; 55-250 கூடப் பரவாயில்லை. சிறிய சென்சார் கேமராவில் 300 மி.மீ. லென்ஸ், முழு ஃபிரேம் கேமராவின் 450 மி.மீ. போல நெருக்கிக் காட்டும். ரேஸுக்கு இது லாபம். 150-600 போன்ற பெரிய லென்ஸை வாங்குவதற்கு முன் ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். சென்னையில் வாடகைக்குக் கொடுக்கிற கடைகள் உண்டு, அடையாளச் சான்றும் முன்பணமும் கேட்பார்கள். இரண்டு கிலோ எடையை நாள் முழுக்க ஏந்தி நின்ற தோள்பட்டையே வாங்கலாமா வேண்டாமா என்று சொல்லிவிடும்.

ட்ரைபாட் வேண்டாம். பெரிய லென்ஸ் என்றால் ஒற்றைக்கால் மோனோபாட் கைகொடுக்கும்.

கேமராவில் மாற்ற வேண்டியவை சில. ஃபோகஸைத் தொடர் ஃபோகஸில் வையுங்கள். சிலவற்றில் ஏஎஃப்-சி என்றும், கேனானில் ஏஐ சர்வோ என்றும் இருக்கும். ஃபோகஸ் பாயின்ட் ஒன்றோ, நடுவிலுள்ள சிறு கூட்டமோ போதும். ஃபோகஸ் செய்யும் வேலையை ஷட்டர் பட்டனிலிருந்து பின்பக்கக் கட்டைவிரல் பட்டனுக்கு மாற்றிவிட்டால், வண்டி தூரத்தில் வரும்போதே பிடித்துத் தொடரலாம். லென்ஸில் அதிர்வுத் தடுப்புக்கு இரண்டு நிலை இருந்தால், பெரும்பாலானவற்றில் இரண்டாவதுதான் பேனிங்குக்கானது. அது பக்கவாட்டு அசைவை விட்டுவிட்டு மேல்-கீழ் ஆட்டத்தை மட்டும் பிடிக்கும்.

மிரர்லெஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று: சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரைத் தவிருங்கள். விலை உயர்ந்த சில மாடல்களைத் தவிர மற்றவற்றில் சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால், வேகமாகப் போகிற காரின் நிமிர்ந்த கோடுகள் சாயும், சக்கரம் முட்டை வடிவமாகும். மெக்கானிக்கல் ஷட்டரே நல்லது.

மூன்றாம் படி: பேனிங். மொத்த வித்தையும் இதில்தான்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம். ரேஸுக்கு ஷட்டரை 1/2000 நொடிக்கு வைத்து எல்லாவற்றையும் உறையவைத்து எடுப்பதுதான் புதியவர் கை வழக்கம். படம் பளிச்சென்று இருக்கும். வண்டி மட்டும் டிராக்கில் நிறுத்தி வைத்தது போல இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் புரியும். ஒரு பைக் மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் வருகிறது என்று வையுங்கள். நொடிக்கு 33 மீட்டர். டயரின் சுற்றளவு இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆக நொடிக்குப் பதினேழு சுற்றுக்கு மேல். 1/1000 நொடியில் அந்தச் சக்கரம் ஏறக்குறைய 6 டிகிரிதான் திரும்பும். கம்பிகள் தனித்தனியாக எண்ணுகிற மாதிரி நிற்கும். 1/125 வைத்தால் 50 டிகிரி திரும்பும். கம்பிகள் கலந்து சக்கரம் சுழல்வது தெரியும். அதே 1/125-இல் பைக் முன்னே போகிற தூரம் 27 சென்டிமீட்டர். கேமரா அசையாமல் இருந்தால் அந்த 27 சென்டிமீட்டரும் இழுவிய கோடாகப் பதிவாகும். கேமராவும் பைக்கோடு சேர்ந்தே திரும்பினால் பைக் கூர்மையாக நிற்கும், பின்னணி கோடுகளாக ஓடும். பேனிங் என்பது இவ்வளவுதான். கைக்குள் வரத்தான் நாளாகும்.

பாதி வேலை கால்களில் இருக்கிறது. எந்த இடத்தில் வைத்து எடுக்கப் போகிறீர்களோ, அந்த இடத்துக்கு நேராக நின்று கால்களை ஊன்றிக்கொள்ளுங்கள். பிறகு பாதத்தை நகர்த்தாமல் இடுப்பிலிருந்து மேலே மட்டும் வண்டி வருகிற பக்கம் திரும்புங்கள். உடம்பு கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருக்கும். வண்டியை வியூஃபைண்டரில் பிடித்ததும் அதோடு சேர்ந்து முறுக்கு மெல்ல அவிழ வேண்டும். வண்டி உங்கள் எதிரே வரும்போது உடம்பு இயல்பான நிலையில் இருக்கும், அசைவும் அங்கேதான் சீராக இருக்கும். வண்டி வரும் பக்கம் பார்த்துக் காலை ஊன்றி நிற்பவருக்கு, எடுக்க வேண்டிய நொடியில்தான் முறுக்கு அதிகமாகும், கேமரா குலுங்கும்.

இடது உள்ளங்கை லென்ஸின் அடியில், முழங்கைகள் விலாவை ஒட்டி. வண்டியின் ஒரு புள்ளியைத் தேர்ந்துகொண்டு அதன்மேல் ஃபோகஸ் பாயின்ட்டை ஒட்டவைத்தது போலக் கொண்டு வாருங்கள். பைக் என்றால் ஹெல்மெட், கார் என்றால் முன்பக்க விளக்கோ கதவில் இருக்கும் எண்ணோ. மூன்று நான்கு படங்கள் சின்னத் தொடராக எடுங்கள். பட்டனை விட்ட பிறகும் திரும்புவதை நிறுத்தாதீர்கள். பவுலர் பந்தை விட்ட பின்னும் கை சுற்றி முடிவது போல, அசைவு தானாக முடியட்டும்.

ஷட்டரை ஏணி மாதிரி இறக்குங்கள். 1/500-இல் தொடங்கி, பாதிக்குப் பாதி கூர்மையாக வந்த பிறகு 1/250, பிறகு 1/125. 1/60-க்கு இறங்கும்போது தேறுவது வெகு சொற்பம். அந்தச் சொற்பத்தில் ஒன்றுதான் அன்றைய நாளின் படமாக இருக்கும்.

மதிய வெயிலில் ஒரு சிக்கல் வரும். ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, அபெர்ச்சர் (லென்ஸின் துளை) எஃப் 16 என்றால் சரியான ஷட்டர் சுமார் 1/100. எஃப் 22-க்குப் போனாலும் 1/50-தான். 1/30 வைத்தால் படம் வெளுக்கும். அதோடு அவ்வளவு சிறிய துளையில் சென்சாரில் இருக்கும் தூசி ஒவ்வொன்றும் வானத்தில் கரும்புள்ளியாகத் தெரியும், கூர்மையும் குறையும். ஒளியை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும் என்.டி. 8 ஃபில்டர் ஒன்று பையில் இருந்தால் பிரச்சினை தீர்ந்தது. போலரைசரும் கொஞ்சம் உதவும்; காரின் கண்ணாடியில் வானம் பளபளப்பதையும் அடக்கும்.

நான்காம் படி: ரேஸ் இல்லாத நாளில் மெரினாவில் பழகுவது

பேனிங் பழக டிக்கெட் தேவையில்லை. காலை ஏழு மணிக்குக் காமராஜர் சாலையில், கடற்கரைப் பக்க நடைபாதையில் நில்லுங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் கடலிலிருந்து ஏறும். வெளிச்சம் நேராக வண்டிகள் மேல் விழும். எதிரே சேப்பாக்கம், மாநிலக் கல்லூரிப் பக்கத்துச் செங்கல் கட்டடங்களும் மரங்களும். 1/30-இல் அவை செம்மையும் பச்சையுமாக இழைந்து ஓடும். உங்களுக்குப் பக்கத்து வழியில், நேப்பியர் பாலத்திலிருந்து கலங்கரை விளக்கம் நோக்கிப் போகும் வண்டிகள் வலமிருந்து இடம் வரும். கடிகாரச் சுற்றில் ஓடும் டிராக்கை வெளிப்பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கும் இதே திசைதான். சைக்கிளில் தொடங்குங்கள். பிறகு மாநகரப் பேருந்து: பெரியது, வேகம் சீரானது, பக்கவாட்டில் எழுத்து இருப்பதால் கூர்மை வந்ததா என்று உடனே படித்துப் பார்க்கலாம். அதன்பின் பைக். நடைபாதையை விட்டு மட்டும் இறங்காதீர்கள்.

அடுத்த கட்டம் கார்ட்டிங். இருங்காட்டுக்கோட்டையில் பெரிய டிராக்கை ஒட்டியே கார்ட்டிங் டிராக் இருக்கிறது. சுற்று சிறியது, அதனால் அதே வண்டி சீக்கிரம் சீக்கிரம் திரும்பி வரும். படம் எடுக்கலாமா என்று கவுன்டரில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: ரேஸ் நாளில் இடம் பிடிப்பது

கேலரிக்குப் போனதும் கேமராவை வெளியே எடுக்க வேண்டாம். முதல் பிராக்டிஸ் முழுக்கச் சும்மா நடந்து பாருங்கள். எங்கே பிரேக் பிடிக்கிறார்கள், எந்த இடத்தில் வளைவின் உள்விளிம்பைத் தொடுகிறார்கள், யார் கெர்ப் (டிராக் விளிம்பில் வண்ணம் பூசிய மேடு) மேல் ஏறுகிறார்கள் என்று கவனியுங்கள். நீளமான நேர்ப்பகுதியில் வேகம் அதிகம், படம் குறைவு. பிரேக் பிடித்து வளைவுக்குள் நுழையும் இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. பைக்கின் பின்சக்கரம் தரையை விட்டு எழும், காரின் மூக்கு அழுந்தும், ஓட்டுநரின் தலை அடுத்த வளைவைப் பார்த்துத் திரும்பும்.

பைக்குக்கும் காருக்கும் இடம் வேறு. வளைவின் உள்பக்கம் தெரியும் இடத்திலிருந்து பார்த்தால், பைக் ஓட்டுகிறவர் உங்கள் பக்கம் சாய்வார்; ஹெல்மெட், தோள், தரையை உரசும் முழங்கால் எல்லாம் கிடைக்கும். வெளிப்பக்கத்தில் நின்றால் வண்டியின் அடிவயிறும் ரைடரின் முதுகும்தான். கார் அப்படியில்லை. அது வெளிப்பக்கம் சாய்வதால், இரண்டு பக்கமும் பார்க்கும்படி இருக்கும்.

பின்னணியைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். வண்டி எங்கிருந்தாலும் வரும். தகரக் கொட்டகையும் நிறுத்திவைத்த வேன்களும் இடம் மாறாது. பத்தடி தள்ளி நின்றால் அதே வண்டிக்குப் பின்னால் வெறும் மரங்கள் வரலாம். கேலரியின் மேல்படியில் ஏறினால் பின்னணி முழுக்கத் தாரும் கெர்ப்பின் வண்ணமும் மட்டுமே என்றாகிவிடும். அதுவும் ஒரு வழி.

வேலி குறுக்கே வந்தால் பதற வேண்டியதில்லை. லென்ஸின் ஹுட்டைக் கழற்றி, முகப்பைக் கம்பி வலைக்கு எவ்வளவு நெருக்கமாகக் கொண்டுபோக அனுமதியோ அவ்வளவு நெருக்கமாக வையுங்கள். அபெர்ச்சரை முழுக்கத் திறந்துவிடுங்கள். வண்டி தூரத்தில் இருக்க வேண்டும், வலையின் அந்தப் பகுதி நிழலில் இருக்க வேண்டும். கம்பி கரைந்து மெல்லிய மங்கலாகிவிடும். வெயில் நேராகப் படும் வலையில் இந்த வித்தை பலிக்காது, கம்பி வெள்ளையாகப் பளிச்சிடும்.

பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை தாரிலிருந்து கானல் எழும். தூரத்து வண்டி தண்ணீருக்குள் இருப்பது போல நெளியும். இதை எந்த லென்ஸாலும் சரிசெய்ய முடியாது. ஃபோகஸ் போய்விட்டது என்று நினைத்து லென்ஸைத் திட்டுபவர்களை ஒவ்வொரு ரேஸிலும் பார்க்கலாம். அந்த நேரத்தில் பக்கத்தில் வரும் வண்டிகளை மட்டும் எடுங்கள், அல்லது மோர் குடித்துவிட்டு பேடாக் (டீம்கள் வண்டிகளைத் தயார் செய்யும் இடம்) பக்கம் அனுமதி இருந்தால் போய் வாருங்கள். டயர் மாற்றும் மெக்கானிக்கின் கை, ஹெல்மெட்டைப் போடுமுன் கண்ணை மூடி நிற்கும் பையன், வாசலில் காத்திருக்கும் அம்மா என்று அங்கே ஒரு தனி உலகம் இருக்கிறது. செல்போனே போதும். நாலு மணிக்கு மேல் வெளிச்சம் சாய்ந்து ஹெல்மெட்டுக்குள் கண் தெரியத் தொடங்கும்போது திரும்பி வாருங்கள்.

ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸ் வேர்த்துவிடும், சென்னைக் காற்று அப்படி. இறங்குவதற்குக் கொஞ்ச நேரம் முன்பே பையை டிக்கிக்கு மாற்றிவிடுங்கள். மூடி போட்ட ஷூ, தொப்பி, காதுக்கு அடைப்பான், இரண்டு லிட்டர் தண்ணீர் மறக்க வேண்டாம்.

இரவு ரேஸ் வந்தால்

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கி.மீ. தெரு சர்க்யூட்டில் விளக்கொளியில் ரேஸ் நடந்தது. 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது. அது போன்ற ரேஸில் ஐஎஸ்ஓ 3200, 6400 என்று ஏற்றத் தயங்காதீர்கள். புள்ளி தெரியும் படத்தை மன்னிக்கலாம், குலுங்கிய படத்தை மன்னிக்க முடியாது. ஃபிளாஷ் எப்போதும் கூடாது. இருட்டு ஒரு பரிசும் தரும்: கடுமையாக பிரேக் பிடிக்கும் இடத்தில் சக்கரத்துக்குள் டிஸ்க் சிவந்து எரிவதும், கியர் குறைக்கும்போது சைலன்சர் வாயில் நெருப்பு துப்புவதும் பகலில் கிடைக்காது.

ஆறாம் படி: வீட்டுக்கு வந்த பிறகு

ஆயிரக்கணக்கில் எடுத்திருப்பீர்கள். முதல் சுற்றில் ஹெல்மெட்டை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். மங்கலாக இருந்தால் யோசிக்காமல் அழியுங்கள். மிஞ்சியதில் வண்டிக்கு முன்னால் பின்னாலை விடக் கொஞ்சம் அதிக இடம் விட்டு வெட்டுங்கள். எல்லாப் படத்தையும் சாய்த்து வேகம் காட்டும் பழக்கம் வேண்டாம், மூன்றாவது படத்திலேயே சலித்துவிடும். ஒரு நாளைக்கு இருபது படத்துக்கு மேல் வெளியே காட்டாதீர்கள்.

ரேஸ் எண்ணை வைத்து, வெளியிடப்படும் போட்டியாளர் பட்டியலில் ஓட்டுநர் பெயரைச் சரிபார்த்துப் படத்தோடு எழுதுங்கள். சின்னப் பிரிவுகளில் ஓட்டுகிற இளைஞர்களுக்குத் தங்கள் நல்ல படம் கிடைப்பது அரிது. ஸ்பான்சரிடம் காட்ட அவர்களுக்கு அது வேண்டும். கேட்டால் சிறிய அளவில் உங்கள் பெயரோடு கொடுங்கள். பெரிய அளவில் கேட்டால், எதற்கு என்று கேட்டு விலை சொல்லுங்கள். "பேர் போடுறோம் ப்ரோ" என்பது விலை ஆகாது.

கடைசிப் படி: பாஸ்

ஒரு சீசன் கேலரிப் படங்கள் கையில் சேர்ந்த பிறகு விண்ணப்பிக்கலாம். போட்டியை நடத்தும் அமைப்பிடம், ரேஸுக்குச் சில வாரம் முன்பே எழுத வேண்டும். ஏதாவது பத்திரிகையோ இணையதளமோ, போட்டியில் இருக்கும் டீமோ உங்களுக்காகக் கடிதம் கொடுத்தால் காரியம் சுலபம். டீம்கள்தான் புதியவருக்குத் திறக்கும் கதவு. நீங்கள் படம் கொடுத்த அந்தப் பையன்களே நாளைக்கு மேனேஜரிடம் சொல்வார்கள். விண்ணப்பத்தோடு பதினைந்து படம் போதும், வெவ்வேறு வகையாக இருக்கட்டும்.

பாஸோடு வரும் வெஸ்ட்டைப் போட்டுக்கொண்டு டிராக் ஓரம் போனால் விளையாட்டு மாறுகிறது. எங்கே நிற்கலாம் என்று மார்ஷல் (டிராக் பாதுகாப்பைக் கவனிப்பவர்) சொல்வதே முடிவு, வாதம் கூடாது. வண்டி வரும் திசைக்கு ஒருபோதும் முதுகைக் காட்டாதீர்கள். ஸ்கிரீனில் படம் பார்க்கத் தலையைக் குனிவதே பெரிய ஆபத்து. செஷன் முடிந்த பின் பார்த்துக்கொள்ளலாம். வளைவின் வெளிப்பக்கம் வழுக்கி வருகிற வண்டிக்கான இடம், உங்களுக்கானது அல்ல. தடுப்புச் சுவரில் சாயாதீர்கள், உட்காராதீர்கள். வண்டி மோதினால் அதுவும் நகரும். ஓடிப் போக ஒரு வழியை முதலிலேயே பார்த்து வைத்துக்கொண்டு நில்லுங்கள். மஞ்சள் கொடி ஆடினால் அருகில் ஏதோ நடந்திருக்கிறது. கேமராவைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டுச் சுற்றிலும் பாருங்கள். செஷன் நடக்கும்போது டிராக்கைக் கடப்பது என்ற பேச்சே இல்லை.

விழுந்தவரைப் படம் எடுப்பதா என்ற கேள்வி சீக்கிரமே வரும். விழுகிற நொடி செய்தி, எடுங்கள். எழ முடியாமல் கிடப்பவரைச் சுற்றி மருத்துவர்கள் நிற்கும்போது லென்ஸை இறக்குங்கள். அவர் நலமாக இருக்கிறார் என்று தெரியும்வரை எதையும் எங்கும் போடாதீர்கள், வீட்டில் யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மாலையில் வெஸ்ட்டைக் கசக்காமல் மீடியா அறையில் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். அடுத்த ரவுண்டுக்கும் அதே மேஜை முன்னால்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.